படியரிசியும் பாலக்கோட்டுத் தக்காளியும்

பாலக்கோட்டின் பெயரைத் தமிழகம் இன்று தக்காளியோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. தருமபுரியிலிருந்து ஓசூர் செல்லும் வழியில் உள்ள இவ்வூர்ச் சந்தைக்கு மாரண்டஅள்ளி, பஞ்சப்பள்ளி முதலிய சுற்றுவட்டாரங்களிலிருந்து கூடை கூடையாகச் சரக்கு வந்து சேர்கிறது. பிறகு லாரிகளில் ஏறி வெளியூர்களுக்குப் போய்விடுகிறது. விலை உச்சிக்கு ஏறும்போதும் செய்தி. பறிகூலிக்குக்கூடத் தேறாமல் பழங்கள் செடியிலேயே விடப்படும்போதும் செய்தி. இச்செய்திகள் அனைத்திலும் தக்காளி ஒரு சரக்கு மட்டுமே. அதை உண்பவரின் உடம்புக்குள் அதற்கொரு வேலை இருக்கிறது என்பது அங்கே பேசப்படுவதில்லை.

இந்த மௌனம் நேற்று தோன்றியதன்று. உணவு என்றால் தானியம், அதையும் எடை போட்டுக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் நம் ஆட்சிமுறையில் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாக வேரூன்றியிருக்கிறது. நடுத்தர வயதினரை இன்று வாட்டும் நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மிகைக் கொழுப்பு ஆகியவற்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்த எடைக்கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாராமகால் என்று முன்பு வழங்கிய இப்பகுதி, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் விளைவாகத் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியாரின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதித்தனர். மானாவாரி நிலத்துக் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் அக்கணக்கிற்குள் வந்தன. கேழ்வரகுக் களியோடு கடைந்துண்ட கீரை எந்தக் கணக்கிலும் வரவில்லை. பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் விதைப்பாரின்றி முளைப்பவை. களையெடுக்கும் பெண்கள் மடியில் பறித்து வருபவை. விலையில்லாத பொருளுக்கு வரியும் இல்லை, பதிவும் இல்லை.

தக்காளியின் வரலாறும் இங்கே கருதத்தக்கது. தமிழில் இச்சொல் முன்பு மணத்தக்காளி போன்ற சிறு பழச் செடிகளையே குறித்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்து சேர்ந்ததைச் சீமைத் தக்காளி என்றனர். நாளடைவில் அடைமொழி உதிர்ந்தது; வந்தது பெயரைத் தனதாக்கிக் கொண்டது. வேலியோரத்தில் தானே வளர்ந்த செடியின் பெயர், சந்தைக்கென்றே பயிரிடப்படும் செடிக்குப் போய்ச் சேர்ந்ததில் நம் உணவு கடந்துவந்த பாதையும் அடங்கியிருக்கிறது.

தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நாவில் நிலைத்த 1876-78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில், பாலக்கோடு உள்ளிட்ட அன்றைய சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. 1871இல் சுமார் 19.6 லட்சமாக இருந்த மாவட்டத்து மக்கள்தொகை, 1881இல் சுமார் 16 லட்சமாகச் சுருங்கியது. அப்பஞ்சத்தின் நடுவே, 1877ஆம் ஆண்டு தொடக்கத்தில், இந்திய அரசின் தூதராகச் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தோடு மிகச்சிறு காசு போதும் என்று வரம்பிட்டார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை எதிர்த்து வாதாடியவர் மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். அவர் கேட்டது கூடுதல் தானியம் மட்டுமன்று. பருப்பும் காய்கறியும் சேராத தானியத்தைக் கொண்டு உழைக்கும் உடம்பு நிலைத்திருக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. டெம்பிளின் கூலி பின்னர் ஓரளவு உயர்த்தப்பட்டது. ஆயினும் அந்த வழக்கில் இறுதியாக வென்றது தானியத்தின் எடையே.

பஞ்சம் கற்பித்த பாடமாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்குக் குறும்பாதை இரயில் போடப்பட்டது. மீண்டும் பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவருவது அதன் நோக்கங்களுள் ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது அப்பாதை மூடப்பட்டது. ஆனால் உணவு வெளியிலிருந்து மூட்டையாக வரவேண்டும் என்ற எண்ணத்துக்கு மூடுவிழா நடக்கவில்லை.

கார்னிஷ் விட்ட இடத்தில் தொடர்ந்தது குன்னூர். ராபர்ட் மெக்காரிசன் அங்கே எலிகளுக்கு இந்தியாவின் பல்வேறு வட்டார உணவுகளைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, பச்சைக் காய்கறி, பழம் அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை செழித்தன. அரிசியை மட்டுமே பெரிதும் நம்பிய ஏழைச் சென்னை மாகாணத்தார் உணவை உண்டவை நலிந்தன. அவருக்குப் பின் குன்னூர் ஆய்வகத்தின் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருட்களின் சத்துக்களைப் பட்டியலிட்ட கையேட்டை 1937இல் வெளியிட்டார். வயலோரக் கீரைக்கு ஓர் அரசாங்க ஏட்டில் எண்கள் கிடைத்தன. ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. 1918இல் சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்தார்; அந்தக் கையேட்டின் வழிவந்த 'இந்திய உணவுகளின் சத்து மதிப்பு' 1971இல் அவர் பெயர் தாங்கி வெளியாயிற்று. நூறாண்டு வாழ்ந்து 2019இல் அவர் மறைந்தார்.

ஏட்டில் ஏறிய கீரை எடைத்தட்டில் ஏறவில்லை. 1967இல் அண்ணாவின் அரசு ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று. 2008இல் ஒரு கிலோ ஒரு ரூபாயானது. 2011 ஜூன் முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. இத்திட்டத்தைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயலாகும். தாது வருடத்தின் எலும்புக்கூடுகளை இந்த மாநிலம் மீண்டும் காணாமலிருப்பதற்கு அந்த அரிசியும் ஒரு காரணம். அது பசியை வென்றது. அதே வேளையில் புன்செய்த் தானியத்தையும் அதனோடு ஒட்டி வாழ்ந்த கீரையையும் தட்டிலிருந்து மெல்ல ஓரங்கட்டியது. களிக்குக் கீரைக்கடைசல் இன்றியமையாத் துணை. சோற்றுக்கோ குழம்பின் நீர்மையே போதும்.

விளைவை நீரிழிவுக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த ஆய்வு, 2011இல் தமிழகத்து வயதுவந்தோரில் 10.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறியது. அதே ஆய்வின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, நாடு முழுவதும் 11.4 சதவீதம், அதாவது சுமார் 10 கோடிப் பேர் என்றது. இந்தியர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாக 2025இல் வெளியான அதன் அடுத்த பகுதி தெரிவித்தது. கருவில் ஊட்டம் குன்றிய உடம்பு, பிற்காலத்தில் மிகுதியாக உண்ணும்போது நீரிழிவுக்கு எளிதில் இரையாகிறது என்ற கருதுகோளை ஹேல்ஸும் பார்க்கரும் 1992இல் முன்வைத்தனர். தலைமுறைகளாகப் பஞ்சம் கண்ட மண்ணில் இதைப் புறந்தள்ள முடியாது.

காயும் கனியும் இங்கே என்ன செய்கின்றன? சென்னையில் வி. மோகன் குழுவினர் 900க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், காய்கனி மிகுதியாக உண்டோரிடம் இரத்த அழுத்தமும் உடற்பருமனும் கெட்ட கொழுப்பும் குறைந்திருந்தன. இத்தகைய ஆய்வு உடனிருப்பதைக் காட்டுமேயன்றிக் காரணத்தை மெய்ப்பிக்காது. காய் வாங்க வசதியுள்ளவர் பிற வகைகளிலும் நலம் பேணுபவராக இருக்கக்கூடும். ஆனால் 1997இல் அமெரிக்காவில் 459 பேருக்கு உணவை அளந்து கொடுத்து நடத்திய சோதனையில், காய்கனியைக் கூட்டிய மாத்திரத்தில் இரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 2.8 புள்ளி குறைந்தது. அங்கே உண்போரின் வசதி குறுக்கிடவில்லை.

செயல்முறை எளியது. நார்ச்சத்து இரைப்பையிலும் குடலிலும் உணவின் ஓட்டத்தை நிதானப்படுத்துவதால் சர்க்கரை இரத்தத்தில் திடுமென ஏறுவதில்லை. பொட்டாசியம் மிகை உப்பைச் சிறுநீர் வழி வெளியேற்ற உதவுகிறது. நீரும் நாரும் வயிற்றை நிரப்புவதால் சோற்றின் அளவு தானே குறைகிறது. அதாவது, காய் சோற்றோடு கூடுவதைவிடச் சோற்றின் இடத்தைப் பிடிப்பதில்தான் பயன் அதிகம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழமும் பரிந்துரைக்கிறது. தானியத்துக்கு அது ஒதுக்குவது 250 கிராம் மட்டுமே.

பழத்தின் உருவமும் முக்கியம். முழுப் பழம் உண்போருக்கு நீரிழிவு வாய்ப்புக் குறைவதையும், சாறாகக் குடிப்போருக்குக் கூடுவதையும் 2013இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மாம்பழக்கூழ் ஆலைகளை இங்கே நினைக்காதிருக்க இயலவில்லை. கிளிமூக்கு மாங்காய் கூழாகிச் சர்க்கரை சேர்ந்து புட்டியில் திரும்பி வரும்போது அது பழமன்று. பாலக்கோட்டிலேயே கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இருக்கிறது. ஒரே வட்டாரத்தில் மருந்தும் நோயும் சேர்ந்தே விளைகின்றன என்றால் அது மிகையாகாது.

2023ஆம் ஆண்டு இரண்டு சிறிய நிகழ்வுகள் நடந்தன. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகு தரப்பட்டது. ஜூலையில், தக்காளி விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, சென்னையின் நியாயவிலைக் கடைகளில் அது கிலோ 60 ரூபாய்க்கு விற்கப்பட்டது. முன்னது களியை மீட்டுத் தந்தது, கீரையைத் தரவில்லை. பின்னது காயை எடைத்தட்டில் ஏற்றியது; ஆனால் நகரத்து நுகர்வோரின் விலைத் துயரம் தணியும் வரைக்கும்தான்.

விலை ஏறியபோது தக்காளியை நிறுத்துக் கொடுக்க முடிந்த அரசுக்கு, விலை சரிந்த வாரங்களில் பாலக்கோட்டில் வாங்கி அதே தருமபுரி மாவட்டக் கடைகளில் கேழ்வரகோடு சேர்த்துக் கொடுப்பது அரிதான காரியமாக இருக்க முடியாது. அழுகும் பொருள், கிடங்கு இல்லை, கையாளுதல் கடினம் என்று மறுமொழி வரும். அவை மெய்யான இடர்களே. ஆயினும் பஞ்சத்துக்கு அஞ்சி இரயில்பாதையே போட்டவர்கள் இருந்த வட்டாரம் இது. கார்னிஷ் 1877இல் கேட்டது தானியத்தோடு சிறிது காய்கறி. அந்த விண்ணப்பம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.