பெருங்கணினிகளில் பணிச்சுமைப் பகிர்வும் சேமிப்பக மேலாண்மையும்

ஒரே பெருங்கணினியில் ஒரே நேரத்தில் ஓடும் நூற்றுக்கணக்கான வேலைகளில் எதற்கு எவ்வளவு செயலி நேரம், எவ்வளவு நினைவகம் என்று இயங்குதளம் முடிவு செய்வது பணிச்சுமைப் பகிர்வு. கோப்புகளை எந்த வட்டில் வைப்பது, எப்போது நாடாவுக்கு மாற்றுவது, எப்போது அழிப்பது என்று அதுவே பார்த்துக்கொள்வது சேமிப்பக மேலாண்மை. இரண்டும் முதலில் ஆப்பரேட்டர்களின் கையிலும் நினைவிலும் இருந்தவை. அவை விதிகளாகி இயந்திரத்திடம் போய்ச் சேர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன.

மலேசியாவின் முதல் கணினி என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது, 1966இல் தேசிய மின்சார வாரியத்தில் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 1401. ஒரு நேரத்தில் ஒரு நிரலை ஓட்டும் இயந்திரம் அது. ஆகவே பகிர்வு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. 1964 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம்.மின் சிஸ்டம்/360 வரிசை அந்தப் பேச்சைப் பரவலாக்கியது. அதன் இயங்குதளமான ஓ.எஸ்/360இன் எம்.எஃப்.டி. வடிவம் நினைவகத்தை முன்கூட்டியே அறைகளாகப் பிரித்துவைத்தது. எம்.வி.டி. வடிவம் ஒவ்வொரு வேலைக்கும் கேட்ட அளவு இடத்தை அவ்வப்போது ஒதுக்கியது.

தமிழ்நாட்டில் இதற்கு அடுத்த தலைமுறைக் கணினியின் முக்கிய முகவரி சென்னை ஐ.ஐ.டி. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1973இல் அங்கு ஐ.பி.எம். 370/155 வந்தது. கான்பூரிலிருந்து வந்த பேராசிரியர் எச். என். மகாபலா கணினி மையத்துக்குப் பொறுப்பேற்றார். துளை அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு அச்சுத்தாளுக்குக் காத்திருந்த காலம் அது. இத்தகைய கணினிகளில் வேலையின் முதல் அட்டையிலேயே அதன் வகுப்பு ஓர் எழுத்தால் குறிக்கப்படும். சிறு வேலைகளின் வகுப்பைப் பகலில் திறந்துவைப்பதும், மணிக்கணக்கில் ஓடும் கணக்கீடுகளை இரவுக்குத் தள்ளுவதும் ஆப்பரேட்டரின் பொறுப்பு. பல மையங்களில் நியாயமான பகிர்வு என்பது அவருடைய அனுபவத்தையே நம்பியிருந்தது.

1974இல் வந்த எம்.வி.எஸ். இயங்குதளம், அந்த அனுபவத்தில் ஒரு பகுதியை எஸ்.ஆர்.எம். என்ற வள மேலாளரிடம் கொடுத்தது. எந்த வேலையை நினைவகத்திலிருந்து வெளியேற்றுவது, எதை உள்ளே கொண்டுவருவது என்று அது கணக்கிட்டது. ஆனால் அந்தக் கணக்குக்குரிய எண்களை மனிதர்தான் ஊட்ட வேண்டும். ஓர் எண்ணைத் தொட்டால் வேறெங்கோ ஒரு வேலை சுணங்கும்.

1994இல் வந்த டபிள்யூ.எல்.எம். என்ற பணிச்சுமை மேலாளர் இந்த முறையையே தலைகீழாக்கியது. இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் இதுதான். எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்வது போய், என்ன நடக்க வேண்டும் என்று சொன்னால் போதும் என்றானது. ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் ஒருவர் மாதக் கடைசியில் ஏ.டி.எம்.மில் அட்டையைச் செருகுகிறார் என்று கொள்வோம். அதே நிமிடத்தில் வங்கியின் பெருங்கணினியில் பல்லாயிரம் பேரின் சம்பளப் பட்டியலும் ஓடிக்கொண்டிருக்கலாம். 'ஏ.டி.எம். வேலைகளில் 90 விழுக்காடு அரை விநாடிக்குள் முடிய வேண்டும், முக்கியத்துவம் 1' என்று எழுதிவைத்தால் மீதியை டபிள்யூ.எல்.எம். பார்த்துக்கொள்ளும். அது கால் விநாடிக்கு ஒருமுறை வேலைகளின் நிலையைப் பதிவு செய்து, பத்து விநாடிக்கு ஒருமுறை ஒதுக்கீட்டைத் திருத்தும். இலக்கை எட்டாத வகுப்பின் செயல்திறன் குறியீடு 1ஐத் தாண்டும். அப்போது முக்கியத்துவம் குறைந்த வேலைகளிடமிருந்து வளம் எடுக்கப்படும்.

சேமிப்பகமும் இதே பாதையில்தான் நடந்தது. பழைய முறையில் கோப்பு எழுதுபவரே வட்டின் பெயரையும் தேவைப்படும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். முதலில் 10 சிலிண்டர் (வட்டில் இடத்தை அளக்கும் அலகு), போதாவிட்டால் ஐந்தைந்தாக என்று கேட்டால், ஒரு வட்டில் 16 துண்டுகளுக்கு மேல் கிடைக்காது. ஆக, 85 சிலிண்டரோடு முடிந்தது. அதற்கு மேலும் தரவு வந்தால் வேலை 'பி37' பிழையோடு நின்றுவிடும். நள்ளிரவில் அழைப்பு வந்து எழுந்த சப்போர்ட் ஊழியர்களுக்கு அந்த ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் மறக்காது.

1970களின் பிற்பகுதியில் வந்த எச்.எஸ்.எம். என்ற மென்பொருள், தொடப்படாத கோப்புகளைச் சுருக்கி வேறு வட்டுக்கும், பிறகு நாடாவுக்கும் தானே நகர்த்தியது. யாராவது கேட்டால் திரும்பக் கொண்டுவந்தது. 1980களின் இறுதியில் அறிமுகமான எஸ்.எம்.எஸ். என்ற சேமிப்பக மேலாண்மை முறை அதைவிட ஒரு படி மேலே போனது. கோப்பின் பெயரைப் பார்த்தே அதன் தரவு வகுப்பு, சேமிப்பு வகுப்பு, மேலாண்மை வகுப்பு ஆகியவற்றைத் தீர்மானிக்கும் சிறு நிரல்களை நிர்வாகிகள் எழுதிவைத்தார்கள். எந்தத் துறையின் கோப்பு எத்தனை நாள் தேவைப்படும் என்ற அவர்களின் பட்டறிவு அந்த நிரல்களில் இறங்கியிருக்கிறது. பெருங்கணினியின் வரலாற்றை எழுதுவோர் அவற்றை அதிகம் கண்டுகொள்வதில்லை என்பது பெருங்குறை.

இரு பாதைகளும் 1999 வாக்கில் சந்தித்தன. அதுவரை ஓர் இயங்குதளம் ஒரு வட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டுமே அனுப்ப முடியும். மற்றவை வரிசையில் நிற்கும். பி.ஏ.வி. என்ற வசதி ஒரே வட்டுக்கு மாற்று முகவரிகளைத் தந்தது. எந்த வட்டின் முன் முக்கியமான வேலை காத்துக்கிடக்கிறது என்று பார்த்து, அந்த முகவரிகளை அங்கே மாற்றித்தரும் பொறுப்பும் டபிள்யூ.எல்.எம்.மிடம் வந்தது. 2006இல் ஹைப்பர்பி.ஏ.வி. வந்தபின், பொதுத் தொகுப்பிலிருந்து ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்தந்தக் கணத்திலேயே முகவரி கிடைத்தது. அந்த ஒரு வேலை டபிள்யூ.எல்.எம்.மின் கையை விட்டுப் போயிற்று.