இரண்டு பென்னி வாடகையும் காதல் நாவலும்

லேசாகப் படித்து, இடையிடையே நகைத்து, விவாகத்தில் முடியக் கண்டு மனநிறைவோடு மூடிவைக்கும் காதல் நாவலை அற்ப சரக்கென்று விமர்சகர்கள் ஒதுக்குவது வழக்கமாயினும், இங்கிலாந்தில் அது வளர்ந்த சரித்திரத்தை ஆராய்வோர்க்கு, அந்த எளிமை ஆசிரியரின் சோம்பலால் வந்ததன்று, வாசகரின் நிலைமையை உணர்ந்த ஒரு வியாபாரம் பொறுமையோடு வளர்த்த குணம் என்பது புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில நாவலின் வடிவத்தைப் பெரிதும் நிர்ணயித்தது சார்லஸ் எட்வர்ட் மூடியின் வாடகை நூல்நிலையம். வருஷத்துக்கு ஒரு கினி சந்தா செலுத்தியவருக்கு ஒரு சமயத்தில் ஒரு பாகமே கிடைத்தமையால், நாவலை மூன்று பாகங்களாக நீட்டுவது மூடிக்கும் பதிப்பாளருக்கும் லாபமாயிற்று. காதல் கதையும் கிளைக்கதைகளால் கனத்துப்போயிற்று. 1894-க்குப் பின்னரே அம்முறை முறிந்து, ஒற்றைப் பாக நாவல் தலையெடுத்தது.

மெத்தூன் பதிப்பகத்தில் உத்தியோகம் பார்த்த ஜெரால்டு மில்ஸும் சார்லஸ் பூனும் 1908-ல் தொடங்கிய ‘மில்ஸ் அண்ட் பூன்’ பதிப்பகம், பின்னாளில் காதல் நாவல்களுக்கே பெயர்பெற்றதாயினும், ஆதியில் அவற்றுக்கென்றே ஏற்பட்டதன்று. ஜாக் லண்டனின் நூல்களும் அங்கே வெளிவந்தன. 1912-ல் உட்ஹவுஸின் ‘தி பிரின்ஸ் அண்ட் பெட்டி’ வந்தது. 1923-ல் ஜார்ஜெட் ஹேயர், ஸ்டெல்லா மார்ட்டின் என்ற புனைபெயரில், காதலியின் மனத்தைக் கவரும்பொருட்டுப் பாரிஸுக்குச் சென்று நடையும் உடையும் மாற்றிக்கொண்டு திரும்பும் நாட்டுப்புறக் கனவானின் கதையை அங்கே வெளியிட்டார். 1930-ல் அது ‘பவுடர் அண்ட் பாட்ச்’ என வேறிடத்தில் மறுபதிப்பானபோது கடைசி அத்தியாயம் நீக்கப்பட்டது. காதலர் இணைந்த இடத்திலேயே கதையை நிறுத்திய அந்த விவேகத்தை நான் மிகவும் மெச்சுகிறேன்.

1930-களின் பொருளாதார மந்தத்திலேதான் இவ்வகை நாவலுக்கு உண்மையான வீடு கிடைத்தது. புகையிலைக் கடையிலும் மிட்டாய்க் கடையிலும் ஓர் அலமாரியை வைத்து, முன்பணமோ சந்தாவோ கேளாமல், புத்தகத்துக்கு இரண்டு பென்னி வாடகை வாங்கிய சிறு நூல்நிலையங்கள் நகரமெங்கும் முளைத்தன. புதிய நாவலின் விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்னி. அந்தப் பணத்தில் நாற்பத்தைந்து புத்தகங்களை வாடகைக்கு எடுக்கலாம். பகலெல்லாம் உழைத்து மாலையில் இரண்டு பென்னியை எண்ணிக் கொடுத்த பெண்ணுக்கு, முதற்பக்கத்திலேயே நாயகி அறிமுகமாகவேண்டும், மனஸ்தாபங்கள் ரஸமாக வளரவேண்டும், முடிவு அவளை ஏமாற்றக் கூடாது. இந்தத் தேவையைப் பூன் நன்கறிந்து, ஏனையவற்றைக் குறைத்துக் காதல் நாவல்களிலேயே கவனத்தைச் செலுத்தினார். பல கைகள் மாறினும் குலையாத கபில நிற அட்டையைக் கொண்டே வாசகியர் அவற்றை அடையாளம் கண்டு, ஆசிரியர் பெயரைக்கூட விசாரியாமல் கேட்டு வாங்கினர்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் மலிவுப் பதிப்புகள் பெருகவே, அவ்வாடகை நிலையங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. 1957 முதல் கனடாவின் ஹார்லெக்வின் பதிப்பகம் மில்ஸ் அண்ட் பூன் நாவல்களை மெல்லட்டையில் மறுபதிப்புச் செய்யத் தொடங்கிற்று. வாடகைக்கு எடுத்துவந்த கதையை வாசகியர் இப்போது விலைக்கே வாங்கிக்கொண்டனர்.