அபின் கடையிலிருந்து ஆய்வுகூடம் வரை

போதைப்பொருள் என்றதும் கண்டி நகரத்தார் சிலரின் சுட்டுவிரல் மஹய்யாவ பக்கமே நீளுகின்றது. நகரத்தின் குப்பையை அள்ளுவதற்கென வெள்ளையராட்சியில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் வாழும் இடம் அது. இழிதொழில் தந்தவர்களே இழிபெயரையும் தந்தார்கள். ஆனால் இந்நாட்டில் போதையை விற்றுத் திறைசேரியை நிரப்பியவர் யார் என்று அவர்கள் கேட்பதில்லை.

அரசாங்கமே அன்றோ! உத்தரவுபெற்ற கடைகளில் அபின் விற்பனை நடந்தது. எதிர்ப்பு வலுத்தபின் 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பதிவுசெய்துகொண்ட பாவனையாளருக்கும் சுதேச வைத்தியருக்கும் மாத்திரம் அபின் வழங்கப்பட்டது. ஏகாதிபத்தியத்தின் இவ்வேற்பாட்டை நாம் போற்றவேண்டியதில்லை. ஆயினும் வாங்கியவன் தான் உட்கொள்வது இன்னதென்று அறிந்திருந்தான்.

1980களில் ஹெரோயின் பரவியது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டு, 2 கிராமும் அதற்கு மேலும் தூய ஹெரோயின் வைத்திருப்போருக்கு மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை என்றாயிற்று. (1976க்குப் பின் இங்கு எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது வேறு விடயம்.) கைப்பற்றிய தூளில் தூய சரக்கு எவ்வளவு என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அளந்து சொல்கின்றார். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் இவ்வாய்வின் விடை நீதிமன்றத்துக்குப் போகின்றது. அதே தூளை இன்றிரவு புகைக்கப்போகும் கூலித் தொழிலாளியை அது எட்டுவதேயில்லை.

நெதர்லாந்தில் 1992 முதல், பாவனையாளர் தாமே கொண்டுவரும் மாத்திரைகளைச் சோதித்துச் சொல்கின்றார்கள். கொடிய கலப்பு தென்பட்டால் நாடெங்கும் எச்சரிக்கை போகும். நியூசிலாந்து 2021இல் இதனைச் சட்டமாக்கியது. 1896இல் மார்க்கி என்பவர் கண்ட திராவகம் ஹெரோயின் பட்டால் ஊதாநிறம் கொள்ளும். ஆனால் நிறம் அளவைச் சொல்லாது, உடன் கலந்துள்ள பிற நஞ்சுகளையும் சொல்லாது. அதற்குக் கருவியும் பயிற்சிபெற்றவரும் வேண்டும்.

சோதித்துக் கொடுத்தால் இளைஞர் துணிந்து பாவிப்பரே என ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சோதிப்பவர் எதனையும் பத்திரமானது என்று சொல்வதில்லை. உள்ளிருப்பதைச் சொல்லி எச்சரிக்கின்றார். மறைந்து திரிபவன் ஒரு சுகாதார ஊழியரிடம் வாய்திறக்கும் முதல் சந்தர்ப்பமாகவும் அது அமைகின்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சிகள், மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டனர். மெத்தனாலை நாவு காட்டிக்கொடுக்காது, அவர்களுக்குச் சொல்வாருமில்லை.

இங்கு புதிய ஆய்வுகூடம் எழுப்பவேண்டியதில்லை. பகுப்பாய்வாளர் காணும் கலப்புகளின் விவரம், எவர் பெயருமின்றி, மாதந்தோறும் கண்டி ஆஸ்பத்திரிக்கும் மாநகர சபைச் சுகாதாரப் பகுதிக்கும் கிடைத்தாலே போதும். மஹய்யாவ குடியிருப்புகளுக்கு அதனைக் கொண்டுசெல்ல அங்கேயே படித்த பிள்ளைகள் இருக்கின்றார்கள்.