கிணற்று மூடியின் சரித்திரம்

பூந்தமல்லி முதல் ஆவடி, அம்பத்தூர் வரை விரிந்த பிரதேசம் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஏரிப் பாசனத்தை நம்பிய கிராமங்களாகவே இருந்தது. அந்தி மயங்கும் வேளையில் நொச்சித் தழையையும் வேப்பிலையையும் தணலிலிட்டுத் தொழுவத்திலும் கூடத்திலும் புகை போடுவதே கொசுவுக்கு எதிராக ஜனங்கள் வழிவழியாக அறிந்த பரிகாரம். அந்தப் புகை கொசுவை அன்றைய இரவுக்கு விலக்கியதேயன்றி, அதன் விருத்தியைத் தடுக்கவில்லை.

1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி, சிகந்தராபாத்தில் மருத்துவர் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட பிறகுதான், நோயின் மூலத்தை வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரிலே தேடவேண்டும் என்ற ஞானம் பிறந்தது. சென்னை மாகாணத்தின் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், கொசு உற்பத்தியாகும்படி நீரைத் தேங்கவிடாமலிருப்பதை வீட்டுக்காரரின் கடமையாகவே விதித்தது. இத்துறையில் சர்க்கார் செய்த காரியங்களில் இதையே நான் தலையாயதாகக் கருதுகிறேன்.

ஆனால் டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து வந்ததும் அந்தக் கடமை மறந்துபோயிற்று. 1953இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. பம்பு சுமந்த ஊழியர் வருகிறார் என்றால் பாய், படுக்கை, பாத்திரங்களையெல்லாம் முற்றத்துக்கு அள்ளிப் போடுவார்கள். சுவர்கள் மருந்தின் வெண்மை படிந்து உலரும். வாசலருகே சுவரில் அச்சிட்ட கட்டத்தில் ஊழியர் வந்துபோன தேதி ஏறும். 1947இல் தேசம் முழுவதிலும் ஏறத்தாழ 7.5 கோடிப் பேரைப் பிடித்து, 8 லட்சம் பேரைக் கொன்ற ஜுரம், 1965இல் ஒரு லட்சம் பேரளவுக்குக் குறைந்தது. ஆனால் பின்னர் மருந்தைத் தாங்கும் சக்தியைக் கொசு பெற்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1976இல் எண்ணிக்கை 64 லட்சமாயிற்று.

இதற்கிடையே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலையும் எழ, வயல்கள் மனைகளாயின. மனைதோறும் ஒரு கிணறும், பின்னர் மொட்டைமாடியில் ஒரு தொட்டியும், அதற்கும் பின்னர் தரைக்கடியில் சம்ப் என்னும் நீர்த்தொட்டியும் வந்தன. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு நாடுவது சாக்கடையை அன்று. நம் கிணற்றின் தெளிந்த நீரையே. அந்நீரை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தால், அக்கொசுவின் புழு நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்திருக்கும். சாக்கடைக் கொசுவின் புழுவோ தலைகீழாகத் தொங்கும். கை நிழல் பட்டவுடன் இரண்டும் அடியில் அமிழ்ந்துவிடும்.

1964இல் சென்னையில் சிக்குன்குனியாவைப் பரப்பியதும், இன்று டெங்குவைப் பரப்புவதும் ஏடிஸ் என்னும் வேறொரு கொசு. அது பகலில் கடிப்பதால் இரவு வலை மட்டும் போதாது. டிரம், பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றின் ஓரத்தில் அது ஒட்டிவைக்கும் முட்டை, நீர் வற்றிய பின்னும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

புகையையும் கொசுவர்த்திச் சுருளையும் நான் குறைகூறவில்லை. ஆனால் முட்டை கொசுவாவதற்கு ஏழெட்டு நாளே போதுமாகையால், வாசகர்கள் வாரம் ஒருமுறை டிரம்மைத் தேய்த்துக் கழுவி, தொட்டிக்கு இடைவெளியற்ற மூடியும், பயன்படாத கிணற்றுக்கு நைலான் வலையும் இன்றே இடவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.