நூல் மதிப்புரை

நூல் மதிப்புரை: புதிதாக வெளிவந்த நூலொன்றின் பொருளையும் குணதோஷங்களையும் வாசகர்க்கு எடுத்துரைக்கும் கட்டுரை வகை. தமிழில் இதற்கு மூலமாக நன்னூல் கூறும் சிறப்புப்பாயிரத்தைக் காட்டுவோர் உண்டு. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை முதலிய எட்டினையும் உரைக்க வேண்டுமென்னும் அவ்விதி இன்றைய மதிப்புரைக்கும் பெரும்பாலும் பொருந்துவதே. எனினும், அப்பாயிரத்தை இயற்றத் தக்கோர் ஆசிரியர், உடன்கற்றோர், மாணாக்கர், உரைகாரர் என நூலாசிரியரைச் சார்ந்தவர்களே ஆதலால், குற்றங்காண அதில் இடமில்லை என்று மறுப்போரும் உளர்.

அச்சு பரவிய 19ஆம் நூற்றாண்டில் கண்டனப் பிரசுரங்கள் மிகுந்தன. 1867இல் இராமலிங்க அடிகளின் திருவருட்பா அச்சேற, 1869இல் 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தது. இதனை ஆறுமுக நாவலரே எழுதினார் என்பது பெருவழக்கு. வேறு கூறுவாரும் உண்டு.

மதிப்புரை தனக்கென ஓர் இலக்கிய அந்தஸ்தைப் பெற்றது 1930களிலேயாம். மணிக்கொடி இதழ் 1933இலும் தினமணி நாளிதழ் 1934இலும் தோன்றின. டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்ட தினமணியில் பணிபுரிந்த புதுமைப்பித்தன், செய்தி மொழிபெயர்ப்பின் ஓயாத நெருக்கடிக்கிடையே, மேசைமேல் வந்து குவிந்த புத்தகங்களைத் தாட்சண்யமின்றி எடைபோட்டு எழுதிய மதிப்புரைகள், அவருடைய சிறுகதைகளுக்குரிய வேகமும் கூர்மையும் சற்றும் குறையாதவை. 'ரசமட்டம்' என்பது அவருடைய புனைபெயர்களுள் ஒன்று. கல்கியின் கதைகளுள் சில தழுவல்களே என்று அவர் கூறிய குற்றச்சாட்டில் நியாயம் எத்துணை, வேகம் எத்துணை என்பதில் இன்றும் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. பாரதியார் மகாகவியா என எழுந்த விவாதத்தின் பயனாகக் கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் 'கண்ணன் என் கவி' எழுதியதும் இக்காலத்ததே.

அக்காலப் பத்திரிகைகளின் மற்றொரு பகுதி 'வரப்பெற்றோம்' என்பது. நூற்பெயர், ஆசிரியர், கிரவுன் அல்லது டெம்மி என்னும் அளவு, பக்கம், ரூபாய் அணாவில் விலை, கிடைக்குமிடம் ஆகியவற்றோடு முடிந்துவிடும் இச் சிறு குறிப்புகளைப் புறக்கணித்தல் தகாது. வேறெங்கும் சுவடு பதியாது மறைந்த புத்தகங்கள் பல இப் பொடியெழுத்து வரிகளில்தான் உயிரோடு இருக்கின்றன.

க. நா. சுப்ரமண்யம் தம் ரசனையையே அளவுகோலாகக் கொண்டு 'படித்திருக்கிறீர்களா?' என்ற தொகுதியில் நல்ல நூல்களை அறிமுகம் செய்தார். சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை நடத்திய எழுத்து, பிரதிகள் இரண்டாயிரத்துக்கு மேற்படா என்ற பிரதிக்ஞையோடு வந்த சிற்றேடாயினும், ஒரு கதையையோ கவிதையையோ வரிவரியாக அலசிப் பார்க்கும் பழக்கத்தை நிலைநாட்டியது. திருகோணமலையினின்று தருமு சிவராமுவும் தில்லியினின்று வெங்கட் சாமிநாதனும் அதில் எழுதினர். தமக்கு வந்த நூல்களைப் படித்து, முகமறியாத இளம் எழுத்தாளர்க்கும் தம் கருத்தைக் கடிதமாக எழுதி அனுப்பிய வல்லிக்கண்ணனின் தொண்டு, அச்சேறாத மதிப்புரையாகவே கருதத்தக்கது.

கவிதைக்கும் புனைகதைக்கும் கிட்டிய இக் கவனம் பிற துறைகட்குக் கிட்டவில்லை. வ. உ. சிதம்பரம் பிள்ளை ஜேம்ஸ் ஆலனை மொழிபெயர்த்த 'மனம் போல வாழ்வு', 'அகமே புறம்' முதலியன தமிழில் சுயமுன்னேற்ற நூல்களின் தொடக்கத்தில் வைத்து எண்ணத்தக்கவை. அப்துற் றஹீமின் நூல்கள் பின்னர்ப் பலராலும் விரும்பிப் படிக்கப்பட்டன. விமர்சன உலகமோ இத்துறையை அரிதாகவே பொருட்படுத்திற்று. 1951இல் வெளிவந்து தலைமுறைகளாகப் புதுமணப் பெண்களின் கைந்நூலாக விளங்கும் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' போன்றதொரு சமையல் நூலில், புளியின் அளவும் உப்பின் அளவும் சரிதானா என்பதை அடுப்படியில் நின்று பார்த்தவரே கூற இயலும். அத்தகைய தகுதியுடைய பெண்டிரிடம் மதிப்புரைப் பக்கத்தை ஒப்படைக்கும் எண்ணம் பத்திரிகைகளுக்கு அருகியே தோன்றியது பெரிய நஷ்டமேயாம்.

1988இல் சுந்தர ராமசாமி தொடங்கிய காலச்சுவடு முதலிய இதழ்களில் நீண்ட மதிப்புரைகள் இடம்பெற்றன. சுஜாதா தம் பத்திகளில் புதிய கவிதைகளைப் பெருவாரியான வாசகரிடம் கொண்டு சேர்த்தார். இப்போது ஆண்டுதோறும் சென்னைப் புத்தகக் காட்சியையொட்டி மதிப்புரைகள் மிகுதியாக வெளிவருகின்றன.