எழுமாறும் முதன்மை எண்ணும்

தாயம் உருட்டிக் கணக்குப் பார்ப்பவனை அறிவுடையோர் நகைப்பர். ஆயினும் 1970களில் கணிதப் பேராசிரியர்களே அவ்வழியை நாடினர். அவர்களை அதன்பால் ஈர்த்தது மிகப் பழைய வினா ஒன்று: தரப்பட்ட எண் முதன்மை எண்ணா, அன்றா?

சிறிய எண்ணாயின் வகுத்துப் பார்த்துவிடலாம். பெரிய எண்களோ மனிதரின் ஆயுளையே விழுங்குவன. இரண்டின் 67ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வருவது முதன்மை எண்ணே என 1644இல் மேர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி எழுதினார். அது தவறென 1876இல் லூக்கா காட்டினார். காரணிகளை அவராலும் கூற இயலவில்லை. 193,707,721 ஐ 761,838,257,287 ஆற் பெருக்கினால் அவ்வெண் வரும் என 1903இல் அமெரிக்கரான கோல் வெளியிட்டார். காரணியைக் காணாமலே ஓர் எண் பகுபடும் என்று அறியலாம் என்பதை நேயர்கள் இங்கே மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அவ்வகைச் சோதனைகளுள் எளியது 1640இல் பெர்மா கூறிய விதியிற் பிறந்தது. முதன்மை எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும், அம்முதன்மை எண்ணிலும் ஒன்று குறைந்த அடுக்கிற்கு உயர்த்தி அதனால் வகுத்தால், மீதி ஒன்றே. மீதி வேறாயின், சோதிக்கப்பட்டது சேர்த்தி எண் என்பது திண்ணம். ஒன்றாக வந்தால்? ஐயம் நீங்காது. 561 என்பது 3, 11, 17 ஆகியவற்றின் பெருக்கம். எனினும் தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண் கொண்டு சோதித்தாலும், அது முதன்மை எண்போல வேடமிட்டு நிற்கும்.

1977இல் சொலவே, ஸ்ராசன் ஆகிய இருவரும் எழுமாறாகச் சோதனை எண்களைத் தெரிந்து இவ்வேடத்தைக் கலைக்கும் முறையொன்றை வெளியிட்டனர். மில்லர் 1976இல் தந்த முறையோ நிறுவப்படாத கருதுகோள் ஒன்றிலே தங்கியிருந்தது. ரபின் அதிலும் எழுமாற்றைப் புகுத்திக் கருதுகோளை அகற்றினார். ஒற்றைச் சேர்த்தி எண் எதுவாயினும், அதனிடம் ஏமாறும் சோதனை எண்கள் நாலில் ஒரு பங்குக்கு மேல் இரா என 1980இல் நிறுவினார். எனவே அத்தகைய எண் இருபது சோதனைகளிலும் தப்பும் வாய்ப்பு இலட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு.

இது நிறுவலாகுமா? யூக்கிளிட்டின் மரபில் வளர்ந்தோர்க்கு இது கசக்கவே செய்யும். ஆனால் 1977இற் பிறந்த புதிய மறையெழுத்து முறைக்குப் பெரிய முதன்மை எண்கள் தேவைப்பட்டன, கணனிகள் காத்திருக்கவில்லை.

2002இல் கான்பூரில் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்களான நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும் எழுமாறின்றியே ஐயமறத் தீர்ப்புக் கூறும் விரைவான முறையைக் கண்டனர். எனினும் நடைமுறையில் ரபினின் முறையே வேகமானது. இன்றும் அதுவே கையாளப்படுகிறது.

அப்படியாயின் எழுமாறு வெறும் ஊன்றுகோல்தானா? சில கணக்குகள் உண்மையிலேயே போதிய அளவு கடினமானவையாயின், விரைவான எழுமாற்று முறை ஒவ்வொன்றிலிருந்தும் எழுமாற்றை நீக்கிவிடலாம் என 1997இல் இம்பாலியாசோவும் விக்டர்சனும் காட்டினர். அந்த “ஆயின்” இன்னும் நீங்கவில்லை. இரு பல்லுறுப்புக் கோவைகள் ஒன்றேதானா என்று பார்க்கும் கணக்கிற்கும், எழுமாறாக எண்களை இட்டுப் பார்ப்பதே இன்றுவரை அறியப்பட்ட விரைவான பொதுவழி.