போருக்குப் பின் கோவையில் பிறந்த இசை

1945ஆம் ஆண்டில், ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ, முன்பே இயங்கிவந்த சென்ட்ரல் ஸ்டுடியோவுக்குத் துணையாக எழுந்தபோது, நூற்பாலைகளால் பெயர்பெற்றிருந்த கோவை திரையிசைக்கும் உரிய ஊராயிற்று. ‘ராஜகுமாரி’ (1947) முதல் ‘மலைக்கள்ளன்’ (1954) வரை இசையமைத்த எஸ்.எம். சுப்பையா நாயுடு, கர்நாடக மரபின் இராகங்களைப் பொதுமக்களின் செவிக்கு இசைவாக எளிமையாக்கினார்.

எளிமையை நாடிய இப்போக்கு அக்காலத்தில் கோவைக்கு மட்டும் உரியதன்று. 1948இல் ‘உருவவாதம்’, அதாவது மக்களுக்கு எட்டாத வடிவச் சோதனை, என்னும் குற்றச்சாட்டுக்கு ஆளான சோவியத் இசைமேதை புரோகோஃபியேவ், சிறுவர் வானொலிக்காக அமைதி ததும்பும் ஏழாம் சிம்பொனியை (பெரும் வாத்தியக்குழுவுக்கான பல பகுதி இசைக்கோவையை) எழுதி, 1952இல் அரங்கேறிய அப்படைப்பின் மெல்லிய முடிவைப் பரிசை எண்ணித் துள்ளலாகவும் மாற்றி எழுதிக் கொடுத்தார். பரிசோ, அவர் இறந்தபின் 1957இல்தான் வந்தது. கோவையில் அரசு ஆணைக்குப் பதிலாகப் பட முதலாளியும் சீட்டு வசூலும் இருந்தன என்பதே வேறுபாடு. அது சிறிய வேறுபாடன்று.

சுப்பையா நாயுடுவிடம் எடுபிடியாக இருந்து மெட்டமைக்கக் கற்ற எம்.எஸ். விசுவநாதன், கோவையில் படமெடுத்துவந்த ஜூபிடர் நிறுவனம் சென்னைக்குப் பெயர்ந்தபோது கோவையை விட்டு நீங்கினார்.